நீரிழிவும் நெடுந்தூர ஓட்டமும்

2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ஆரம்பிக்கப்பட்டது. நீரிழிவு முதலிய வியாதியஸ்தர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடவாமல், மருந்து அவர்கள் வீட்டு வாசலுக்கே வரவேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் அது முக்கியமாக நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவை உத்தேசித்தது. பெரும்பாலும் இளம் பிராயத்திலேயே பிடிக்கும் முதல் வகையோ வேறு வியாதி. அதில் கணையம் இன்ஸுலின் சுரப்பதே அநேகமாக நின்றுவிடுகிறது. ஊசி ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு அபாயம்.

இத்தகைய வாலிபன் ஒருவன் நெடுந்தூர ஓட்டத்திற்கோ சைக்கிள் பந்தயத்திற்கோ பயிற்சி செய்ய விரும்பினால், “உனக்கேன் அப்பா இந்த வம்பு?” என்று அடக்கிவிடுகிறோம். விடுமுறை நாட்களில் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சைக்கிள் கூட்டம் செல்வதை ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

தடுப்பவர்களின் பயம் ஆதாரமற்றதன்று. சாதாரண மனிதன் ஓடத் தொடங்கியதும் அவன் கணையம் இன்ஸுலினைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஊசியால் உட்சென்ற இன்ஸுலினைத் திரும்ப எடுக்க முடியாது. தசைகளோ இரத்தத்திலுள்ள சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகின்றன. அளவு டெஸிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் தடுமாற்றமும், மேலும் இறங்கினால் பிரக்ஞை இழப்பும் நேரும். ஓடி முடித்த பிறகும் அபாயம் தீர்வதில்லை. அன்றிரவு தூக்கத்திலேயே சர்க்கரை சரியக்கூடும். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வரும் ஊரில் இதைக் கவனிப்பது இன்னும் கஷ்டம்.

ஆயினும் இதற்கு வழி உண்டு. புறப்படுமுன் அளவு 126-க்கும் 180-க்கும் இடையில் இருக்கப் பார்த்துக்கொள்வது, வைத்தியர் யோசனைப்படி ஊசியின் அளவைக் குறைப்பது, நெடுநேர ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச் சத்து உட்கொள்வது ஆகியவை இன்று வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட முறைகள். 2013 முதல் நோவோ நார்டிஸ்க் என்னும் சைக்கிள் கோஷ்டி முதல் வகை நீரிழிவுக்காரர்களை மட்டுமே கொண்டு பந்தயங்களில் இறங்கிவருகிறது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளமுள்ள மிலான்–சான் ரெமோ பந்தயத்திலும் ஓட்டியிருக்கிறது. இனி நிரூபிக்கும் பாரம் தடை சொல்வோர் தலையில்தான்.

இம்முறைகள் அனைத்திற்கும் அடிப்படை, சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்ப்பது. தோலில் ஒட்டிக்கொண்டு இடைவிடாமல் அளவு காட்டும் சென்சார் இப்போது இருக்கிறது. இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும் அக்கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஒப்பந்தக் கூலிக்காரன் எங்கே போவான்? இன்ஸுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் பேடண்ட் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்தார்கள். சென்சார் வியாபாரிகளிடம் அந்த மனப்பான்மையை நாம் எதிர்பார்க்கவில்லை.

சர்க்கார் செய்யவேண்டியதையே கேட்கிறோம். சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தின் பையில், முதல் வகை நீரிழிவுள்ள சிறுவர் சிறுமியருக்கு இன்ஸுலினுடன் சோதனைப் பட்டைகளும் சென்சாரும் சேரட்டும். பள்ளிக்கூடத் தேகாப்பியாச ஆசிரியர்களுக்குச் சர்க்கரைச் சரிவின் அறிகுறிகளைக் கற்பித்து, மைதானத்தில் குளுகோஸ் பொட்டலம் வைத்திருக்கும்படி உத்தரவிடட்டும். ஓசூரிலேயே இதைத் தொடங்கலாம்.