டீயைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்



வேலூர் லாங் பஜாரில் காலையில் ஒரு நடை போனால் இரும்புச்சத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் அலையவே வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு, எள் எல்லாம் அங்கேயே கிடைக்கும். நடந்துபோகும் தூரத்தில் சி.எம்.சி. மருத்துவமனையும் இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்த சோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. வறுமை, மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு என்று காரணங்கள் பல. அவற்றில் நாமே இன்றைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: சாப்பாட்டோடு குடிக்கும் டீ.

தோல் தொழில் தெரிந்த நம் பக்கத்து மக்களுக்கு இது சட்டென்று புரியும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து, தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. தேயிலையிலும் அதே இனத்துத் துவர்ப்பு உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பை அது பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் இப்படி வீணாகப் போகலாம். ஆட்டுக்கறியில் உள்ள இரும்பு டீயிடம் அவ்வளவாக மாட்டாது. ஆனால் தினமும் கறி எடுக்கும் வீடு எத்தனை?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியும் முன்னே எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் டிபன் கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவர்கள். சகோதரிகளே, டீயை விடச் சொல்லவில்லை. அது தரும் தெம்பு எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். டிபனோடு ஒரு நெல்லிக்காய் வையுங்கள், இல்லையென்றால் கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடோ பாலோடோ போட வேண்டாம்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணி அடிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. டீ நேரத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள். காசு செலவில்லாத காரியம் இது.

கேழ்வரகுக் கூழைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கேழ்வரகில் பைட்டிக் அமிலமும் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் அது கட்டிப்போட்டுவிடும். மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கும்போது அந்தக் கட்டு தளர்கிறது. கேழ்வரகை முளைகட்டினாலும் அப்படித்தான். புளிக்க வைக்காமல் அவசரமாகக் கிண்டிய கஞ்சி பசியை ஆற்றும், ஆனால் கூழுக்கு ஈடாகாது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் மற்ற பதினோரு மாதமும் நம் வீட்டிலும் இருக்கட்டும் என்பது என் ஆசை. தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயிலும் கருவாட்டிலும் மட்டும் கை அளவாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உங்கள் வீட்டில் கூழுக்கு மாவை எவ்வளவு நேரம் புளிக்க வைக்கிறீர்கள், நொய் எப்போது போடுகிறீர்கள், ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்