வண்டியும் வழியும்: கூரைமேல் ஒரு கூடாரம்

நாகபுரியிலிருந்து நம் சங்கத்து அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. அவருடைய மகன், புதிதாக வாங்கிய ஜீப்பின் கூரைமேல் கேரியர் ஒன்றைப் பூட்டி, அதன்மேல் மடக்குக் கூடாரம் பொருத்தி, வரும் செப்டம்பரில் மனைவியையும் ஆறு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட இருக்கிறாராம். “கடைக்காரர் 300 கிலோ தாங்கும் என்கிறார். வண்டியோடு வந்த புத்தகமோ கூரையில் 75 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது. மூன்று பேர் மேலே படுத்தால் என்ன ஆகும்? இரண்டில் எதை நம்புவது?” என்று அம்மையார் கேட்டிருக்கிறார்.

சரக்குக் குமாஸ்தாவிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். இரண்டையும் நம்பலாம் என்பதே விடை. புத்தகம் கூறுவது வண்டி ஓடும்போது கூரை சுமக்கத் தக்க எடை. கடைக்காரர் கூறுவது வண்டி நிற்கும்போது கூடாரம் தாங்கும் எடை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனால்தான் சிலர் வீணாக அஞ்சுகின்றனர். வேறு சிலர் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் போகின்றனர்.

நிற்கும் வண்டியின் கூரையில் எடை அசையாமல் கீழ்நோக்கி மட்டும் அழுத்துகிறது. ஓடும் வண்டியில் அப்படியன்று. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது மேலே இருக்கும் 70 கிலோ, கணநேரத்துக்கு 150 கிலோவாகவும் 200 கிலோவாகவும் மாறிக் கூரையை இடிக்கிறது. பிரேக் போட்டால் முன்னே பாய்கிறது. வளைவில் பக்கவாட்டில் இழுக்கிறது. வேகம் கூடினால் எதிர்க்காற்று அதை மேலே தூக்கப் பார்க்கிறது. கூட்ஸ் ஷெட்டில் பணிபுரிவோருக்கு இது புதிதன்று. வாகன் நிற்கும்போது ஆடாத மூட்டை, ஷண்டிங்கில் ஒரு முட்டு முட்டியவுடன் எங்கே போய் விழுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறோம். ஒவ்வொரு வாகனின் பக்கத்திலும் அதன் வெற்றெடையையும் ஏற்றக்கூடிய பாரத்தையும் எழுதி வைத்திருப்பது வீணுக்கல்ல.

இனி அம்மையாரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடிதத்தில் கண்டபடி கேரியர் 22 கிலோ. மெத்தை, ஏணி உட்படக் கூடாரம் 50 கிலோ. ஆக 72. புத்தகத்தின் வரம்பு 75. ஓடும் கணக்கு மூன்று கிலோ மிச்சத்தோடு சரியாகிறது. ஆனால் அந்த மூன்று கிலோவோடு கூரையின் கணக்கு முடிந்தது! தண்ணீர்த் தகரம், டீசல் டப்பா, இரண்டாவது ஸ்டெப்னி, நாற்காலி எதுவும் மேலே ஏறக் கூடாது. இரவில், தந்தை 72, தாய் 58, சிறுவன் 20, போர்வைகள் 6 என்று வைத்தால் மொத்தம் 228 கிலோ. கேரியருக்கு ஆறு கால்கள். சமமாகப் பிரிந்தால் ஒரு காலுக்கு 38 கிலோ, அதாவது அரை மூட்டை நெல். நிற்கும் வண்டிக்கு இது பெரிய பாரமாகாது. ஆயினும் கேரியரைச் செய்தவரும் நிற்கும் வண்டிக்கான எடையைத் தனியே கூறியிருப்பார். அதையும் பார்த்துக்கொள்வது நலம். எல்லா வண்டிக்கும் இந்த 75 பொருந்தாது. சிறிய வண்டிகள் சிலவற்றில் வரம்பு 30 கிலோதான். அவற்றின்மேல் இத்தகைய கூடாரத்தை ஏற்றி ஓட்டுவது கூடவே கூடாது.

எடை சரியானாலும் உயரம் ஒரு விஷயம். 1,700 கிலோ வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 190 சென்டிமீட்டர் உயரத்தில் 72 கிலோவை வைத்தால் எடைமையம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது. ஐந்துதானே என்று எண்ண வேண்டாம். மலைப்பாதையில் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறிச் சாயும்போது அந்த ஐந்தின் அருமை தெரியும். கனமான சாமான்களை வண்டிக்குள் அடியிலே வைத்து, வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாகச் செல்வதே இதற்குப் பரிகாரம்.

பொருத்தும் முறைக்கு வருவோம். பொலேரோ, ஜிம்னி, பழைய ஜிப்ஸி ஆகியவற்றில் கூரையோரத்தில் மழைநீர் வடியும் விளிம்பு உண்டு; கேரியரின் கால்களை அதில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம். துளையிட வேண்டுவதில்லை. கூரையில் துளையிட வேண்டும் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது என் யோசனை; துளை வழியே முதலில் நீர் இறங்கும், பிறகு துரு ஏறும். கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை அவசியம். நட்டுகளை ஒரு பக்கம் முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதிர்ச்சியில் கழலாத நைலாக் நட்டே போடுக. இறுக்கியபின் நட்டின்மீதும் போல்ட்டின்மீதும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், மறுநாள் கோடு விலகியிருப்பதைக் கண்டே நட்டு நகர்ந்ததை அறியலாம். முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறை, பிறகு நாள்தோறும் காலையில் ஒரு முறை பார்த்தல் நன்று. கூடாரத்தைத் தூக்கி வைக்க நான்கு பேர் தேவை. இருவர் முயன்றால் கூரையும் நசுங்கும், முதுகும் பிடிக்கும்.

ஏணியை வண்டியின் இடப்பக்கம் அமைக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறோமாகையால், சாலைப் போக்குவரத்துக்கு எதிர்ப்புறமாக இறங்கலாம். பாதி வெளியே நீட்டி விரியும் கூடாரமானால் நீட்டிய பாதியை ஏணியே தாங்குகிறது. ஏணியின் கால் ஈரமணலில் புதைந்தால் தரையே சாயும். அடியில் ஒரு பலகை போடுக. இரண்டு மீட்டர் உயரத்தில் உறங்கும் சிறுவன் நடுவில் படுக்கட்டும். நள்ளிரவில் எழுந்தால் பெரியவர் ஒருவர் முன்னே இறங்கி நின்று அவனை இறக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தத்துக்குப் பின், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கழற்றக்கூடிய கேரியரை ஓர் அதிகாரி சாமானாகக் கருதுவார். இன்னொருவர் மாற்றமாகக் கருதுவார். ஆகையால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வைப்பதும் உசிதம். வெல்டிங் வைத்து நிரந்தரமாக்கினால் வாதாடவே இடமிராது.

மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் அருகே எழுதி ஒட்டுக. வண்டி 1.85, கேரியரும் மூடிய கூடாரமும் 0.44 என்றால் 2.29 மீட்டர். நகரத்து நிலவறைக் கார் நிறுத்தங்கள் பலவற்றில் இது நுழையாது. லெவல் கிராசிங்குகளுக்குப் பதிலாக எங்கள் இரயில்வே கட்டியுள்ள தாழ்ந்த சுரங்கப் பாதைகளிலும், எழுதியிருக்கும் உயரத்தைப் படித்த பின்னரே நுழைய வேண்டும்.

நிற்க, இவையெல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. குளிருக்காகக் கூடாரத்துக்குள் அங்கீட்டியோ ஸ்டவ்வோ கொண்டுபோகவே கூடாது. கரியும் எரிவாயுவும் மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு மணமில்லை, புகையில்லை, உறங்குபவர் எழுவதில்லை. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் பூட்டிய அறைகளில் இவ்வாறு மாண்டவர்களின் செய்தியை நாம் படிக்கிறோம். கூடாரம் அறையைவிடச் சிறியது. நல்ல போர்வையும் கம்பளிக் காலுறையும் போதும். காற்றுத் துவாரம் திறந்தே இருக்கட்டும்.

காஜா ஊர் சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரே மூச்சில் ஏறாமல், சிம்லா, கின்னௌர் வழியாக இரண்டு மூன்று இரவு தங்கித் தங்கி ஏறுவது குழந்தைக்கு நல்லது. தலைவலியோடு வாந்தியும் கண்டால் விடியும்வரை காத்திராமல் கீழே இறங்க வேண்டும். அதற்கு இருட்டிலும் குளிரிலும் கூடாரத்தை மடக்கத் தெரிந்திருக்க வேண்டுமே! புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே இரண்டு இரவு படுத்துப் பார்த்து, டார்ச் வெளிச்சத்தில் பத்து நிமிடத்துக்குள் மடக்கிப் பூட்டப் பழகிக்கொள்ளட்டும்.