ஐம்பத்தோராவது குடம்
அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் பித்தளைக் குடத்தின் கழுத்தைத் தட்டித் தட்டி வளைக்கும் தொழிலாளியிடம், இவ்வடிவம் யாருடையது என்று வினவினால், சுத்தியலை நிறுத்தாமலே சிரிப்பார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான்: பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமலே, தொழிலக முறையில் உரிமையாளரே 50 பிரதிகளுக்கு மேல் எடுத்துவிட்டால், அவருடைய உரிமை அற்றுப்போகிறது. பாடலுக்கோ, கர்த்தா மறைந்து 60 ஆண்டுக் காவல்! 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' படப் பாடல் ஒலித்ததற்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். பல கோடி புரளும் வியாபாரத்தில் கூலி கேட்பது நியாயமே. ஆயினும், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்த பையன், அதே பாட்டின் நாலு விநாடியை வெட்டித் தன் நண்பனின் தூக்கக் கலக்க முகத்தோடு ஒட்டிக் கைப்பேசியில் அனுப்புகையில், அவனையும் தஸ்கரனென்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை.