திரையை அளக்கும் முன் ணகரத்தை அளப்போம்!



நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கணினியில் விளையாடுவதோடு நில்லாமல், விளையாட்டுகளை உருவாக்கவும் தொடங்கிவிட்டனர். மகிழ்ச்சி! பீடோங் வட்டாரப் பிள்ளை ஒருவர் பூஜாங் பள்ளத்தாக்கையும் பழைய கடாரத்தையும் களமாக்கி ஓர் இருபரிமாண விளையாட்டைப் படைத்தால், அதைவிடப் பெருமை வேறென்ன?

ஆனால், அந்த விளையாட்டில் தமிழ் எங்கே? 'தொடங்கு' என்றிருக்க வேண்டிய இடத்தில் மலாய்ச் சொல். 'வெற்றி' என்றிருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல். கேட்டால், "தமிழெழுத்து திரையில் தெளிவாக வரவில்லை, அதனால் மாற்றிவிட்டோம்" என்கிறார்கள். இந்த விடையை நான் ஏற்கவில்லை. குறை எழுத்தில் இல்லை. எழுத்தை எண்ணிப் பாராமல் திரையின் அளவைத் தேர்ந்தெடுத்ததில்தான் குறை இருக்கிறது.

திரைத் தெளிவுத்திறன் என்பது, படம் அகலத்தில் எத்தனை படப்புள்ளிகள், உயரத்தில் எத்தனை படப்புள்ளிகள் கொண்டது என்னும் கணக்கு. விளையாட்டை வரையத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். பிறகு மாற்றினால் படங்களை எல்லாம் மீண்டும் வரைய நேரிடும்.

இன்று பழைய பாணி விளையாட்டுகளுக்கு 320×180 என்னும் அளவைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் வண்ணத் திரையில் ஓர் எழுத்துக்கு 8×8 கட்டமே இடம். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியும் 256×240 திரையை 8×8 ஓடுகளால்தான் நிரப்பியது. ஆங்கிலப் பேரெழுத்து அந்தக் கட்டத்துக்குள் நன்றாகவே அடங்கும்.

நம் எழுத்து அடங்குமா? கட்டத்தாளை எடுத்து நீங்களே வரைந்து பாருங்கள். ஒரு சுழிக்கு இரண்டு சுவரும் நடுவில் ஒரு வெற்றிடமும் வேண்டும். சுவர்களைப் பொதுவாக வைத்தாலும் மூன்று சுழி ணகரத்தின் சுழிகளுக்கே ஏழு படப்புள்ளிகள் தேவை. காலுக்கும் அடுத்த எழுத்துக்கான இடைவெளிக்கும் எங்கே போவது? உயரமும் அப்படியே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு வரிசை, அதன் கீழ் இடைவெளிக்கு ஒரு வரிசை, உடலுக்கு எட்டு, 'கு', 'ழ' போன்றவற்றின் கீழ்ப்பகுதிக்கு மூன்று. ஆகப் பதின்மூன்று! வரி இடைவெளியையும் சேர்த்தால் பதினாறு. அதற்குக் குறைத்தால் ணகரமும் னகரமும் ஒன்றாகும். எகர ஏகார வேறுபாடு மறையும். மெய்யெழுத்து புள்ளியை இழக்கும். வகுப்பில் நாம் நாள்தோறும் திருத்தும் பிழைகளைத் திரையே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.

ஜப்பானியருக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. ஃபேமிகாமின் சிறிய திரையில் அவர்கள் பெரும்பாலும் கான்ஜி எழுத்தைத் தவிர்த்து, எளிய கானா எழுத்தைக் கொண்டு சமாளித்தனர். ஆனால், எழுதவும் படிக்கவும் வேண்டிய கணினியில் அப்படிச் செய்யவில்லை. 1982இல் என்.இ.சி. நிறுவனம் வெளியிட்ட பி.சி.-9801 கணினியின் திரை 640×400. 16×16 கட்டத்தில் அமைந்த கான்ஜி எழுத்துகள் வரிக்கு நாற்பதாக, இருபத்தைந்து வரிகள் அதில் பொருந்தின. எழுத்துக்கு ஏற்ற திரை!

நமக்கோ ஒதுங்குவதற்குக் 'கானா' இல்லை. சிறிய திரைக்காக நாம் ஒதுங்கினால் தமிழை விட்டே ஒதுங்குவோம். இங்கே இழப்பு அதுதான்.

தமிழால் முடியாது என்பதும் பொய். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இலேயே அன்றைய சிறிய கைப்பேசித் திரையில் தமிழ்க் குறுஞ்செய்தியைத் தெரிய வைத்தது. கனடாவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் இருபரிமாண விளையாட்டில், ஒரு தமிழ்த்தாயின் சமையல் குறிப்பேடுதான் உயிர்நாடி. அது 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது.

அப்படியானால் 1920×1080 என்று பெரிதாகவே வைத்துவிடலாமே என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். பெரிய எண்ணே தரம் என்பது கடைக்காரர் கணக்கு. அந்தத் திரையில் இருபது இலட்சத்துக்கும் அதிகமான படப்புள்ளிகள் உள்ளன. பதினொரு வயதுப் பிள்ளை அதற்கேற்ப நுணுக்கமாக வரைந்து முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

என் பரிந்துரை 640×360. காரணங்கள் இரண்டு.

ஒன்று, எழுத்து. "அண்ணன் கோழிக்குஞ்சைத் தூக்கினான்" என்னும் சிறு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வடிவத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு படப்புள்ளிகள் என்றால், இதற்கு ஏறக்குறைய 250 வேண்டும். 320 அகலத்தில் இது முக்கால் திரையை விழுங்கும். 640இல் பாதிகூட ஆகாது.

இரண்டு, பெருக்கம். 640×360 இரண்டு மடங்கானால் 1280×720. 1366×768 மடிக்கணினியில் சிறு ஓரத்துடன் அடங்கும். மூன்று மடங்கானால் சரியாக 1920×1080. முழு எண்ணால் பெருக்கினால் எல்லாப் படப்புள்ளிகளும் ஒரே அளவில் இருக்கும். ஒன்றரை மடங்கு என்று பெருக்கினால் ஒரு கோடு தடிக்கும், அடுத்த கோடு மெலியும், சுழி கோணும். 480×270 அளவை 1366×768 திரையில் மும்மடங்காக்க இயலாது. இருமடங்கோடு நிறுத்தினால் திரையின் பெரும்பகுதி வீணாகும்.

ஸ்கிராட்ச்சில் மேடை 480×360 என்றே அமைந்துள்ளது. அங்கே எழுத்தைப் படப்புள்ளி முறையில் வரையாமல் திசையன் முறையில் அமைத்தால், முழுத்திரையிலும் தெளிவு கெடாது.

"படத்தை 320×180இல் வைத்து, எழுத்தை மட்டும் தனி அடுக்கில் கூர்மையாகக் காட்டலாமே?" என்பது நியாயமான கேள்வி. தேர்ந்தவர்கள் அப்படிச் செய்யலாம். முதல் விளையாட்டைப் படைக்கும் பிள்ளைக்கு இரண்டு அளவுகளை ஒருங்கே கையாள்வது கூடுதல் சுமை. மேலும், அதில் தமிழ் மேலே ஒட்டிய தாளாகத் தெரியும். படத்தோடு பிறந்த எழுத்தாகத் தெரியாது.

பயிலரங்கு நடத்துவோருக்கும் போட்டிக்கு நடுவராக அமர்வோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் முதலில் கட்டத்தாளைக் கொடுங்கள். அந்தக் கோழிக்குஞ்சு வாக்கியத்தை வரையச் சொல்லுங்கள். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து பிழையின்றிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதன்பின் திரையின் அளவைத் தேர்ந்தெடுக்கட்டும்.

செருப்புக்கேற்பக் காலை வெட்டுவார் உண்டோ? சிந்திப்போம், செயல்படுவோம்!