மண்சரிவு எச்சரிக்கைக்கு வோக் ஓவரா? – கண்டன அறிக்கை

எஹலியகொட பிரதேசத் தோட்டப் பாடசாலைப் பெற்றோர்களும் பழைய மாணவர்களும் இணைந்த எமது சங்கம், இவ்வருட மகளிர் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியின் லீக் சுற்று முடிவில் வெளியிடப்பட்ட புள்ளிப் பட்டியலையும், அதை வைத்து நொக்கவுட் சுற்றுக்குச் செய்யப்பட்டுள்ள தரவரிசையையும் வன்மையாகக் கண்டிக்கின்றது. மண்சரிவு எச்சரிக்கையால் பாதை மூடப்பட்ட நாளில் வர முடியாமற்போன எமது அணியை "சமுகமளிக்கவில்லை" என்று எழுதி, இரண்டு போட்டிகளை எதிரணிகளுக்கு வோக் ஓவராகத் தூக்கிக் கொடுத்திருக்கின்றார்கள். களத்தில் ஒரு போட்டியிலும் தோற்காத அணி இன்று நான்காம் இடத்தில் நிற்கின்றது.

நடந்ததை நடந்தபடியே சொல்கின்றோம். எமது பிரிவில் ஐந்து அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற நான்கு அணிகளுடனும் ஒரு முறை ஆட வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். முதல் வாரத்தில் எமது பிள்ளைகள் இரண்டு போட்டிகளில் ஆடி இரண்டிலும் வென்றார்கள். அதில் ஒன்று, இப்போது ஆறு புள்ளிகளுடன் பட்டியலின் உச்சியில் இருக்கும் அணிக்கு எதிரானது. அந்த அணி இந்தச் சுற்றில் தோற்ற ஒரே போட்டியும் அதுதான்.

மீதி இரண்டு போட்டிகள் அடுத்த சனிக்கிழமைக்கு இருந்தன. வியாழன் இரவு பிடித்த மழை வெள்ளி முழுவதும் விடவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தது. தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் பாதையில் மண் சரிந்து வாகனப் போக்குவரத்து நின்றது. மேட்டு லயங்களில் இருந்த குடும்பங்களை இரவோடிரவாகப் பாடசாலை மண்டபத்துக்கு இறக்கினோம். அணியின் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த மண்டபத்தில்தான் தம்பி தங்கைகளை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தார்கள். முற்றத்தில் பயிற்சிக்குக் கட்டியிருந்த வலையை அவிழ்த்து மண்டபத்துக்குள் தூணுக்குத் தூண் கட்டி, அதில்தான் ஈரத்துணிகளைப் போட்டோம். ஆட்டச் சீருடைகளும் அதில்தான் தொங்கின. காலை எட்டு மணிக்கு முன்பே பொறுப்பாசிரியர் தொலைபேசியில் நிலைமையை அறிவித்தார். திங்கட்கிழமை கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் விளையாட்டு தெரியாதவருக்கும் கோபம் வரும். அதே சனிக்கிழமை, அதே மைதானத்தில், வீதியோரத்துப் பாடசாலைகள் இரண்டுக்கு இடையிலான போட்டியும் நடக்கவில்லை. ஆடுகளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அந்தப் போட்டியைக் "கைவிடப்பட்டது" என்று பதிந்து இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி கொடுத்தார்கள். அது சரியான முடிவு, அதில் எமக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று அந்த மைதானத்தில் ஒரு பந்துகூட சேர்விஸ் போடப்படவில்லை. அப்படிப்பட்ட மைதானத்தில்தான் எமது பிள்ளைகள் இரண்டு போட்டிகளில் "தோற்றார்களாம்". தண்ணீர் நின்ற மைதானம் இயற்கை அனர்த்தம், மண் சரிந்த பாதை மட்டும் அணியின் குற்றம் என்றால், இது என்ன கணக்கு? எதிரணிகள் மைதானத்துக்கு வந்து கையெழுத்திட்டுவிட்டன என்கின்றார்கள். ஏ-4 வீதியோரத்துப் பாடசாலைக்கு மைதானம் நடைதூரம். எமது பிள்ளைகளுக்கு அது மலையிறங்கி வரும் தூரம்.

இந்த இரண்டு வோக் ஓவரும் பட்டியலைத் தலைகீழாக்கிவிட்டன. களத்தில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி மட்டுமே கண்ட இரண்டு அணிகள், வோக் ஓவர் இரண்டு புள்ளிகளையும் கைவிடப்பட்ட போட்டியின் ஒரு புள்ளியையும் சேர்த்து ஐந்து ஐந்து புள்ளிகளுடன் எமக்கு மேலே போய்விட்டன. எமக்கு நான்கு. நொக்கவுட் சுற்றில் ஒரு பிரிவின் முதலாம் அணி மற்றப் பிரிவின் நான்காம் அணியைச் சந்திக்கும். அதாவது, எமது பிரிவின் முதலிடத்து அணியையே வென்ற பிள்ளைகள், முதல் நாள் முதல் ஆட்டத்திலேயே மற்றப் பிரிவின் மிகப் பலமான அணியை எதிர்கொள்ள வேண்டும். தோற்றால் வீட்டுக்கு. தரவரிசை என்பதை ஏன் போடுகின்றோம்? நல்ல அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இங்கே தரவரிசையே அந்த வெட்டைச் செய்கின்றது.

"எல்லோருக்கும் ஒரே சட்டம்" என்று ஏற்பாட்டாளர்கள் தரப்பில் பதில் சொன்னார்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம். சர்வதேச கரப்பந்தாட்ட சம்மேளனத்தின் விதிக்கோவையில் 6.4.2ஆம் விதி, "நியாயமான காரணமின்றி" உரிய நேரத்தில் களத்துக்கு வராத அணியே போட்டியை இழந்ததாகக் கருதப்படும் என்கின்றது. அந்த நிபந்தனையைச் சட்டம் எழுதியவர்கள் சும்மா போடவில்லை. உயிராபத்து எச்சரிக்கையை விட நியாயமான காரணம் வேறென்ன? அதே கோவையில் 17.3ஆம் விதி, எதிர்பாராத காரணத்தால் இடைநின்ற ஆட்டம் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தடைப்பட்டால் முழுப் போட்டியையும் மீண்டும் ஆட வேண்டும் என்கின்றது. அது தொடங்கிய ஆட்டத்துக்கான விதி என்பது எமக்குத் தெரியும். தொடங்கி நின்றுபோன ஆட்டத்துக்கே மறுபடி ஆடும் உரிமை உண்டென்றால், தொடங்கவே முடியாத ஆட்டத்துக்கு அந்த நியாயம் எப்படி இல்லாமற்போகும்?

எமது நாட்டிலேயே கண்முன்னால் முன்மாதிரி இருக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நாடு முழுவதற்கும் பரீட்சை நிறுத்தப்பட்டது; மீதிப் பாடங்கள் 2026 ஜனவரியில் நடத்தப்பட்டன. வெள்ளத்தில் நின்ற மாணவனுக்கு "வரவில்லை" என்று எழுதிப் பூச்சியம் போடவில்லை. இலட்சக்கணக்கான மாணவர்கள் எழுதும் பரீட்சையை ஒத்திவைக்க முடிந்த நாட்டில், அரை நாளில் முடியும் இரண்டு கரப்பந்தாட்டப் போட்டிகளை ஒத்திவைக்க முடியாதாம்.

வெளிநாட்டிலும் பாருங்கள். இங்கிலாந்து மகளிர் சுப்பர் லீக் காற்பந்துப் பருவம் 2020இல் கோவிட் காரணமாக இடையில் நின்றது. மன்செஸ்டர் சிற்றி 16 போட்டிகளில் 40 புள்ளிகள், செல்சி 15 போட்டிகளில் 39 புள்ளிகள். ஒரு புள்ளி பின்னால் நின்ற செல்சிக்கே கிண்ணம் போனது. காரணம், ஆடாத போட்டியைத் தோல்வியாக எண்ணாமல், ஆடிய போட்டிக்கு எத்தனை புள்ளி என்று சராசரி பார்த்தார்கள். அமெரிக்காவில் 2020 இறுதியில் நடக்கவேண்டிய கல்லூரி மகளிர் கரப்பந்தாட்டப் பருவம் 2021இன் முற்பகுதிக்குத் தள்ளப்பட்டது. வழமையாக 64 அணிகள் ஆடும் தேசியச் சுற்று 48 அணிகளாகச் சுருங்கி, முழுவதும் ஒமாஹா நகரில் நடந்தது. பல பல்கலைக்கழகங்களுக்கு லீக் போட்டிகள் இரத்தாகியிருந்தன. ஆளுக்கு ஆள் ஆடிய எண்ணிக்கை வேறு. பிக் டென் பிரிவில் தான் ஆடிய 15 போட்டிகளையும் வென்ற விஸ்கான்சின், தேசியத் தரவரிசையிலும் முதலாவதாக வைக்கப்பட்டது. பிறகு அரையிறுதியில் டெக்சஸிடம் அது தோற்றது; டெக்சஸை வென்று கென்டக்கி முதன்முறையாகக் கிண்ணம் எடுத்தது. முதலிடத்துத் தரவரிசை யாருக்கும் கிண்ணம் கொடுத்துவிடாது. ஆடி வென்றதற்கு உரிய இடத்திலிருந்து ஆட விடுவது மட்டுமே அதன் வேலை.

வெற்றி வீதம் பார்த்தால் எமது அணி நூற்றுக்கு நூறு, இப்போதைய முதலிடத்து அணி நூற்றுக்கு எழுபத்தைந்து. அப்படியிருந்தும் முதலிடத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. இரண்டு போட்டிகளை வைத்துப் போட்ட சராசரி அரைகுறையானது என்பது எமக்கும் விளங்குகின்றது. அந்த இரண்டு அணிகளுடன் ஆடியிருந்தால் எமது பிள்ளைகள் தோற்றிருக்கவும் கூடும். தோற்றால் தோற்றதுதான், அந்தத் தோல்வி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், மேசையில் இருக்கும் பேனாவிலிருந்து வரக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தொலைபேசியில் பொறுப்பாசிரியருக்குக் கிடைத்த பதிலில், "தோட்டத்துப் பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான், ஏதாவது காரணம் சொல்வார்கள்" என்ற வார்த்தையும் இருந்தது. இதை எமது சங்கம் மிகக் கடுமையாகக் கண்டிக்கின்றது. காரணம் சொல்கின்றார்களா? 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை இறங்கியது. அடுத்த வருடம் அதே மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூழ்கியது. சப்ரகமுவத் தோட்டங்களில் சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் ஞாபகம் வரும். அந்த எச்சரிக்கையை மதித்துப் பிள்ளையை வீட்டிலிருந்து அனுப்பாத பெற்றோரைக் குறை சொல்வதற்கு யாருக்கும் தகுதி இல்லை.

தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கும் என்பது இந்த மாவட்டத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க மழைக்கென்று ஒரு மாற்று நாள்கூட இல்லாமல் போட்டி அட்டவணை போட்டது யார்? நேர மாற்றங்கள் முதல் நாள் இரவில், சிங்களத்தில் மட்டும், கைத்தொலைபேசிக் குறுந்தகவலாக வருகின்றன. தமிழும் அரச கரும மொழி. தமிழ்மொழிப் பாடசாலைகள் பங்குபற்றும் போட்டிக்குத் தமிழில் நாலு வரி அறிவித்தல் கேட்பது சலுகை அல்ல.

ஒரு பந்தாட்டத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு: கரப்பந்தாட்டம் 1991ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. ஒரு பந்து, ஒரு வலை, பதினெட்டு மீற்றருக்கு ஒன்பது மீற்றர் சமதரை இருந்தால் போதும். அதனால்தான் தோட்டத்தில் அது வளர்ந்தது. எமது பிள்ளைகளின் களம், தேயிலையும் றப்பரும் இல்லாமல் மிஞ்சிய ஒரு துண்டு நிலம். வலை கட்டுவது இரண்டு பழைய இரும்புக் குழாய்களில். கோடு போடச் சுண்ணாம்பு இல்லாத நாளில் கயிற்றை ஆணியடித்து இழுத்துக் கட்டுவார்கள். பந்து மேற்றோல் உரிந்து உள்நூல் தெரியும் வரை பாவிக்கப்படும். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் தாய்மார், மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை என்ற நிலையில், போட்டிக்குப் போகும் வான் வாடகைக்குக் காசு சேர்த்துக் கொடுக்கின்றார்கள். 2021இல்தான் ஆயிரம் ரூபாயைத் தொட்டு, 2024இல் 1,350 ஆன நாட்சம்பளத்தில் இருந்து வரும் காசு அது.

மாகாண மட்டம், அதைத் தாண்டித் தேசிய மட்டம் என்று போகும் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். பல்கலைக்கழக விசேட அனுமதிக்கும், முப்படைகளும் அரச நிறுவனங்களும் விளையாட்டு வீராங்கனைகளைச் சேர்க்கும்போதும் அந்தச் சான்றிதழ் பேசும். கோட்டம், வலயம் என்ற கீழ்ப்படியில் போட்ட ஒரு பிழையான தரவரிசை அந்தக் கதவை ஒரு வருடத்துக்கு அடைத்துவிடுகின்றது. வயதெல்லை தாண்டும் பிள்ளைக்கு அது நிரந்தரமாகவே அடைபடும். எமது அணியில் இவ்வருடத்தோடு வயதெல்லை முடிகின்ற மாணவியர் இருக்கின்றார்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

போட்டியையே பகிஷ்கரிக்கும்படி சிலர் எமக்கு ஆலோசனை கூறினார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. வராத அணி என்று ஒரு தடவை பொய்யாக எழுதினார்கள். அதை நாமே உண்மையாக்கிக் கொடுக்கமாட்டோம். எந்த நிரலில் போட்டாலும் பிள்ளைகள் களத்துக்கு வருவார்கள், ஆடுவார்கள்.

எனவே ஏற்பாட்டாளர்களிடம் கேட்கின்றோம்: இரண்டு வோக் ஓவர்களையும் இரத்துச் செய்து, நொக்கவுட் ட்ரோ போடுவதற்கு முன் அந்த இரண்டு போட்டிகளையும் நடத்துங்கள். மைதானம் எது, நேரம் எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், நாம் வருகின்றோம். நாள் இல்லை என்றால், வீதியோரத்து அணிகளுக்குக் கொடுத்தது போலவே இந்தப் போட்டிகளையும் கைவிடப்பட்டவையாகப் பதிந்து, ஆடிய போட்டிகளின் வெற்றி வீதத்தில் தரவரிசையைத் திருத்துங்கள். பொறுப்பாசிரியரிடம் சொல்லப்பட்ட வார்த்தைக்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். அடுத்த பருவத்திலிருந்து மழைக்கான மாற்று நாட்களையும், அனர்த்த எச்சரிக்கை நாளில் எந்த அணிக்கும் வோக் ஓவர் இல்லை என்ற விதியையும், இரு மொழி அறிவித்தலையும் போட்டி ஆரம்பிக்க முன்பே எழுத்தில் தாருங்கள்.

எமது பிரிவின் மற்ற நான்கு பாடசாலைகளின் அதிபர்கள், பயிற்றுநர்கள், பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் மீது எமக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆடாமல் வந்த இரண்டு புள்ளி உங்கள் பிள்ளைகளுக்கும் பெருமை சேர்க்காது. மறுபோட்டிக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்புங்கள்.

செயற்குழு சார்பில்,
எஹலியகொட.