எய்தவன் இருக்க அம்பை ஏன் குப்பையில் போடுகிறோம்?



பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருக்கின்ற சகோதரர்களே, இதைப் பகிரங்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்பியூட்டர்களில் இப்போது லினக்ஸ் போடுகிறார்கள். நல்ல விடயம். கேரளத்து அரச பாடசாலைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் படிப்பிக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில் கொஞ்ச நாள் போனதும் பேச்சு மாறுகிறது: "லினக்ஸும் இழுக்குது சேர், மெஷின் செத்துட்டு, புதிசுதான் வாங்கணும்." உடனே கட்டாருக்கு ஒரு வொய்ஸ், சவூதிக்கு ஒரு வொய்ஸ், நிதி சேர்ப்பு.

ஏன் இழுக்குது என்று யாராவது பார்த்தீர்களா?

கொஞ்சம் விபரம் தெரிந்தவர் டெர்மினலில் 'டாப்' என்று அடித்துப் பார்ப்பார். பட்டியலின் உச்சியில் 'எக்ஸோர்க்' 90 வீதம் என்று நிற்கும். "பாருங்க, திரை காட்டவே ப்ரொசெஸர் போதாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு பிழை. எக்ஸோர்க் தன் பாட்டில் எதையும் வரைவதில்லை. 1984இல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் விண்டோ முறையின் ஏற்பாடே அதுதான்: புரோகிராம்கள் கேட்கும், சேர்வர் வரைந்து கொடுக்கும். பிரவுசரின் ஒரு மூலையில் ஆடும் விளம்பரம் நொடிக்கு அறுபது தடவை "திரும்ப வரை" என்று கேட்டால், அந்த வேலையெல்லாம் எக்ஸோர்க்கின் கணக்கில்தான் விழும்.

ஒலுவில்காரருக்கு இது விளங்காத கதை இல்லை. துறைமுகம் வந்த பிறகு நம் கரை அரித்தது. கடல் கெட்டுப்போய்விட்டது என்றா சொன்னோம்? மணல் நகரும் வழியை மறித்த அலைதடுப்பைத்தானே காட்டினோம். கரையில் கேட்ட கேள்வியை கம்பியூட்டர் லெப்பில் ஏன் கேட்பதில்லை?

கேட்பதற்குக் காசு தேவையில்லை. மூன்று சோதனை போதும்.

1. டாப் ஓடிக்கொண்டிருக்க, திறந்திருக்கும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் எக்ஸோர்க்கின் வீதம் இறங்குகிறதோ, அதுதான் எய்தவன். பேனலில் உள்ள சின்ன அப்லெட்டையும் விட்டுவிடாதீர்கள்.

2. அப்படியும் குறையாவிட்டால் நிழல், மங்கல், அசைவு போன்ற டெஸ்க்டொப் அலங்காரங்களை நிறுத்துங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் கொம்பொசிட்டருக்கான டிக்கை எடுத்தால் போதும்.

3. 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளை கொடுத்து, ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, அதன் வேலையும் ப்ரொசெஸர் தலையில். சரியான டிரைவர் இல்லாமலிருக்கலாம். அல்லது லினக்ஸ் போடும்போது திரை வரவில்லை என்று பூட் வரியில் 'நோமோட்செட்' என்று சேர்த்தவர், அதை எடுக்காமலே போயிருக்கலாம். அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

"ஃபோர்மட் அடிச்சாச் சரியாகும்" என்பவர் காரணத்தைத் தேடவில்லை. டிரைவர் இல்லாத அதே நிலைக்குத்தான் மெஷின் திரும்பவும் வரும். "வேலண்டுக்கு மாறுங்க" என்பவருக்கும் அதே பதில். கிராஃபிக்ஸ் சிப் வேலை செய்யாவிட்டால் அங்கேயும் ப்ரொசெஸர்தான் சுமக்கும், பட்டியலில் நிற்கும் பெயர்தான் மாறும்.

எல்லா மெஷினும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் பழுதானது, மதர்போர்ட்டில் கெப்பாசிட்டர் வீங்கியது, ரெம் போதாதது எல்லாம் உண்டு. அவற்றைத் தாராளமாக ஒதுக்குங்கள். ஆனால் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். பார்க்காமல் மூலையில் அடுக்குவதால்தான் மிச்சமிருக்கும் ஒரு மெஷினைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். மவுஸைத் தொடாமலே சாதாரண தரத்தில் ஐசிடி எழுதப் போகும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

வெளிநாட்டு வெயிலில் உழைத்தவர் சதகத்துல் ஜாரியா என்று நம்பித் தரும் காசு நம் கையில் அமானிதம். திருத்தக்கூடிய பொருளை வீசிவிட்டு அதே பொருளை அந்தக் காசில் வாங்குவது வீண்விரயம். இதில் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

ஆகவே, லெப்புக்குப் புதிய கம்பியூட்டர் என்று யார் நிதி கேட்டு வந்தாலும், ஒவ்வொரு மெஷினுக்கும் இந்த மூன்று சோதனையின் முடிவையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாள் வரும்வரை காசு கொடுக்காதீர்கள்.