சீனாவுக்குப் போகும் பேனர்

போன மாதம் எங்கள் ஊர் மதரஸா ஆண்டு விழாவில் மறுபடியும் சீனாவுக்குப் போய்வந்தேன். மேடைக்குப் பின்னால் இருபதடி பேனர். 'சீனா சென்றாவது கல்வியைத் தேடுங்கள்', அதற்குக் கீழே 'நபிமொழி'. எந்த நூலில் இருக்கிறது, யார் அறிவித்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பேனர் அடித்துக் கொடுத்த அச்சகத்தின் செல்பேசி எண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

பக்கத்து நாற்காலியில் என் பெரியவாப்பா மகன். முப்பது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். "இது ஹதீஸே இல்லையே காக்கா" என்றேன். கையில் இருந்த சமோசாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நல்ல கருத்துதானேப்பா, இருந்துட்டுப் போகட்டுமே."

இதே காக்கா இரண்டு வருடத்துக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அஞ்சு சென்ட் மனை வாங்கினார். விற்றவர் வேறு யாருமில்லை, சொந்த மச்சான். அப்படியும் தாய்ப்பத்திரம் கேட்டார், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார், வாரிசுச் சான்றிதழ் கேட்டார், வக்கீலிடம் கொடுத்து ஒப்பீனியன் வாங்கினார். "நல்ல மனைதானே, இருந்துட்டுப் போகட்டுமே" என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அஞ்சு சென்ட்டுக்கு இவ்வளவு. ரசூலுல்லாஹ்வின் பெயரில் ஒரு சொல்லைப் பதிவு செய்ய ஃபிளக்ஸ் கடைக்காரர் போதும்.

சரி, இந்தச் சீனாவுக்கு நானே வில்லங்கம் போட்டுக் காட்டுகிறேன். அனஸ் (ரலி) சொன்னதாக இதை அறிவிப்பவர் அபூ ஆத்திகா என்பவர். அவருடைய அறிவிப்புகள் ஏற்கத்தக்கவை அல்ல என்று இமாம் புகாரியே தள்ளிவிட்டார். அடிப்படையே இல்லாதது என்றார் இப்னு ஹிப்பான். பக்தாதில் 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த தம் நூலில் இதையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். எண்ணூறு வருடத்துக்கு மேலாக வில்லங்கம் பதிவாகிக் கிடக்கிறது, நம் பேனருக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. மேடைப் பேச்சாளர்களோ சீன தேசத்தோடு சீர்கல்வியைச் சேர்த்து மோனை போட்டு வைத்திருக்கிறார்கள். அரபியில் அறிவிப்பாளர் தொடர் இற்றுப்போனால் என்ன, தமிழில் சந்தம் கெட்டியாக இருக்கிறதே!

நல்ல கருத்தாம். ஹதீஸ் கலையின் வரலாற்றில் பெரிய பெரிய பொய்களைச் சொன்னவர்களில் பலர் நல்ல கருத்துக்காரர்கள்தான். மர்வ் நகரத்துக் காழி நூஹ் இப்னு அபீ மர்யம், குர்ஆனின் ஒவ்வொரு சூராவுக்கும் இன்ன நன்மை, இன்ன கூலி என்று ஹதீஸ் தயாரித்தார். ஏன் என்று கேட்டதற்கு, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூ ஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர்க் கதைகளிலும் மூழ்கிவிட்டார்கள், அதனால்தான் செய்தேன் என்றாராம். நிய்யத் எவ்வளவு சுத்தம் பாருங்கள்! எல்லாக் கலையையும் திரட்டியவர் என்று அவருக்கு 'ஜாமிஉ' எனப் பட்டம் வேறு. எல்லாவற்றையும் திரட்டினார், உண்மையை மட்டும் விட்டுவிட்டார் என்று இப்னு ஹிப்பான் கிண்டலடித்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் கல்வியின் சிறப்பைச் சொல்லச் சீனாவின் தயவே தேவையில்லை. கல்வி தேடி ஒரு பாதையில் நடப்பவருக்குச் சொர்க்கத்தின் பாதை எளிதாகும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் கையிலேயே இருக்கிறது. ரஹ்மத் அறக்கட்டளை புகாரியையும் முஸ்லிமையும் தமிழில் கொண்டுவந்து எத்தனையோ வருடம் ஆகிறது. எங்கள் மதரஸா அலமாரியிலும் அவை உண்டு. கண்ணாடிக்குப் பின்னால், பூட்டிய நிலையில். சாவி செயலாளர் வீட்டில்.

உண்மையான பயணம் ஒன்று வேண்டுமா? ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) ஒரே ஒரு ஹதீஸை அப்துல்லாஹ் இப்னு உனைஸின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று மதீனாவிலிருந்து ஷாம் தேசத்துக்கு ஒரு மாதப் பயணம் போனார். ஒட்டகம் வாங்கிக்கொண்டு! நபியோடு வாழ்ந்தவருக்கே அந்தக் கவலை இருந்தது. நம் ஆட்களுக்குப் பெருவிரல் போதும், சுபுஹுக்கு எழுந்த கையோடு நாற்பது பேருக்கு அனுப்பியாகிவிடும்.

சின்ன வயதில் மதீனாவில் ஷைகு அஹ்மது என்பவர் கண்ட கனவு என்று ஒரு நோட்டீஸ் வரும். பரப்பினால் பரக்கத், கிழித்தால் வீட்டில் மவுத்து. உம்மா பயந்துபோய் என்னை உட்காரவைத்து முப்பது பிரதி எழுதவைத்தார்கள். என் கையெழுத்து இன்று கொஞ்சம் பார்க்கும்படி இருப்பதற்கு அந்த ஷைகுதான் காரணம். இப்போது அவரே வாட்ஸ்அப்பில் வருகிறார், கை வலிக்காமல்.

ஸஹீஹான ஹதீஸுக்கு மட்டும் நல்ல காலமா என்றால் அதுவும் இல்லை. 'சுத்தம் ஈமானில் பாதி' என்று எங்கள் பள்ளிவாசல் கழிப்பறைக் கதவில் எழுதியிருக்கிறது. முஸ்லிமில் இருப்பதுதான், சந்தேகமில்லை. அதில் சுத்தம் என்பதற்கு வரும் 'துஹூர்' என்ற சொல்லுக்கு ஒளூச் செய்து தூய்மையாவது என்று உரையாசிரியர்கள் பலர் விளக்கம் எழுதியதை விடுங்கள், கதவைத் திறந்தால் ஈமானின் மற்றப் பாதியும் போய்விடும்போல் இருக்கிறது.

சீனா வரைக்கும் போகச் சொல்லும் இதே விழாக் கமிட்டியில், மகளை அடுத்த டவுன் கல்லூரிக்கு அனுப்பாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், பாஸ்போர்ட்டும் வேண்டாம். சீனாவில் ஒரு வசதி, அங்கே யாரும் போகப்போவதில்லை. போக முடியாத ஊருக்கு வழி சொல்லும் ஹதீஸ் என்றால் நமக்கு அலாதிப் பிரியம்.

இன்னொன்றும் தேடிப் பார்த்தேன். அல்லாஹ்வின் பெண்ணடியார்களைப் பள்ளிவாசலுக்குப் போகவிடாமல் தடுக்காதீர்கள் என்ற பொருளில் வரும் ஹதீஸ். புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது, வில்லங்கம் துளியும் கிடையாது. என் ஐம்பத்தெட்டு வயதில் எந்தப் பேனரிலும் அதைப் பார்த்ததில்லை. மோனை அமையவில்லையோ என்னவோ.

விழா முடிந்து பேனரை இறக்கும்போது பக்கத்தில் நின்றேன். கிழியாமல் சுருட்டினார்கள், அடுத்த வருடத்துக்கும் இதுவேதானாம். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். பள்ளிவாசல் மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, அங்கே போட்டுவிடுவோம் என்றார்கள். பெண்கள் தொழுவதற்கென்று பதினோரு வருடத்துக்கு முன்னால் வசூல் பண்ணிக் கட்டிய அறை அது.